விதவைச் சிறுமியரின் சகோதரி

நூறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி விதவையாவது புதுமையன்று. பொம்மை வைத்து விளையாடும் வயதில் மணமாகும். மணமகன் முகம் மனத்தில் பதியுமுன்பே அவன் இறந்த செய்தி வரும். அன்றோடு அந்தச் சிறுமியின் வாழ்வு முடிந்தது என்று ஊரே தீர்மானித்துவிடும். பிராமணக் குடும்பங்களில் இக்கொடுமை மிகக் கடுமையாக இருந்தது. தலை மழிக்கப்படும், நகைகள் கழற்றப்படும், ஒரு வேளை உணவும், வெறுந்தரையில் படுக்கையும், சமையலறை மூலையுமே அவளுக்கு உரியவை. வீட்டில் மங்கல நிகழ்ச்சி என்றால் எவர் கண்ணிலும் படாமல் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். விதவை மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த உரிமை அக்கிரகாரத்து வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

இப்படி விதவையான ஆயிரக்கணக்கான சிறுமியருள் ஒருவர்தாம் சுப்புலட்சுமி. 1886-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18-ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணிய ஐயர், தாய் விசாலாட்சி. தஞ்சை மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். தந்தை படித்தவர், சைதாப்பேட்டை வேளாண்மைக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தவர். மூத்த மகளின் கூர்மையான அறிவு கண்டு மகிழ்ந்தவர். ஆயினும் அக்கால வழக்கத்தை மீற அவராலும் முடியவில்லை. பதினோராம் வயதில் மகளுக்கு மணம் செய்து வைத்தார். சிறிது காலத்திலேயே மாப்பிள்ளை இறந்துபோனார்.

இங்கேதான் கதை வேறு வழியில் திரும்புகிறது. மகளின் தலையை மழிக்கப் பெற்றோர் இசையவில்லை. உற்றாரும் ஊராரும் பழித்தனர். அவர்களுடைய ஏச்சுக்கு அஞ்சி மகளைப் பலி கொடுப்பதைவிட, அவளைப் படிக்க வைப்பதே மேல் என்று தந்தை முடிவு செய்தார். தாமே ஆங்கிலம் கற்பித்தார். தாயின் தங்கையான வாலாம்பாள் அம்மாளும் இளம் வயதில் விதவையானவரே. அந்தச் சித்திதான் சுப்புலட்சுமிக்கு வாழ்நாள் முழுவதும் வலக்கையாக நின்றார். தமக்குக் கிட்டாத கல்வி இந்தப் பெண்ணுக்காவது கிட்டட்டும் என்று குடும்பப் பாரத்தைத் தாம் ஏற்றுக்கொண்ட அப்பெரியம்மையைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. பெரிய பணிகளுக்குப் பின்னால் அடுக்களையில் நிற்பவர்களை நாம் மறந்துவிடுகிறோம்.

வீட்டுக் கல்விக்குப் பின் சுப்புலட்சுமி சேர்ந்த பள்ளி, எழும்பூரில் இருந்த பிரசென்டேஷன் கான்வென்ட். அயர்லாந்திலிருந்து 1842-ஆம் ஆண்டிலேயே சென்னைக்கு வந்து பெண் கல்விக்கு வித்திட்ட காணிக்கை மாதா சபைக் கன்னியர் நடத்திய பள்ளி அது. அங்கே அவர் கற்றது பாடநூல்களை மட்டுமன்று. அக்கன்னியரின் வாழ்வு அவரைச் சிந்திக்க வைத்தது. அவர்களுக்குக் கணவர் இல்லை, குழந்தைகள் இல்லை, நகை இல்லை, எளிய உடை. இந்து விதவைக்கும் இவை எதுவும் இல்லை. ஆனால் விதவை எதிரே வந்தால் முகம் திருப்பிக்கொண்ட அதே சமுதாயம், கன்னியரைக் கண்டால் எழுந்து நின்று வணங்கியது! வேறுபாடு எங்கே இருக்கிறது? ஒருவருக்குப் பணி இருந்தது. மற்றவருக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. கன்னியர் ஒரே இல்லத்தில் கூடி வாழ்ந்தனர்; ஒருவருக்கொருவர் துணையாயிருந்தனர்; பிறர் குழந்தைகளுக்கு அன்னையராயினர். விதவைச் சிறுமியரும் அவ்வாறு ஓர் இல்லத்தில் கூடி வாழ்ந்து, கற்று, பிறருக்குக் கற்பிக்க முடியாதா என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேர்விட்டது. சுப்புலட்சுமி இறுதிவரை இந்துவாகவே வாழ்ந்தார். ஆனால் நாடெங்கும் அவருக்கு நிலைத்த பெயரோ சகோதரி சுப்புலட்சுமி என்பது. கன்னியருக்கு வழங்கும் பெயரே இந்த இந்து விதவைக்கும் பட்டமாயிற்று.

பின்பு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். நகரில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி ஏதும் அப்போது கிடையாது. ஆண்கள் நிறைந்த வகுப்பில் ஓர் இளம் விதவை அமர்ந்து படிப்பது எத்தகைய துணிவு! 1911-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்துப் பெண்மணி என்ற பெருமை அவரைச் சேர்ந்தது.

பட்டம் கையில் இருந்தது. நல்ல உத்தியோகம் தேடிக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவரோ எழும்பூரில் தம் தந்தையின் வீட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய சில விதவைச் சிறுமியரைச் சேர்த்துக்கொண்டு இல்லம் ஒன்றைத் தொடங்கினார். சித்தி வாலாம்பாள் சமையலையும் வீட்டு நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார். 1912-ஆம் ஆண்டு சாரதா மகளிர் சங்கம் என்ற அமைப்பு அவர் முயற்சியால் உருவாயிற்று. இதற்கு முன்பே பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயிலும், கார்வே 1896-இல் புனாவிலும் விதவைகளுக்கு இல்லங்கள் கண்டிருந்தனர். தென்னாட்டில் அந்த விளக்கை ஏற்றி வைத்த பெருமை ஆந்திரத்து வீரேசலிங்கம் பந்துலு அவர்களுக்கும், சென்னையில் நம் சகோதரிக்கும் உரியது.

அக்காலத்தில் ஆதரவற்ற விதவைக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது என்பதை இன்றைய மாணவியர் எண்ணிப் பார்க்க வேண்டும். கணவன் சொத்தில் விதவைக்கு ஒரு வரையறைக்குட்பட்ட பங்கு கிடைக்கச் சட்டம் வந்ததே 1937-இல்தான். தமிழக அரசு ஆதரவற்ற விதவைகளுக்கு மாத உதவித்தொகை வழங்கத் தொடங்கியது 1975-ஆம் ஆண்டில். ஆக, 1911-இல் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்த வழி இரண்டே: பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ ஊதியமில்லாத வேலைக்காரியாக இருப்பது, அல்லது தெருவுக்கு வருவது.

சகோதரியின் திட்டத்தில் இருந்த அறிவுக்கூர்மை வியக்கத்தக்கது. சோறும் கூரையும் கொடுத்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. அந்நாளில் பெண் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் கிடைப்பது அரிதாயிருந்தது. பெண் பிள்ளைகளை ஆண் ஆசிரியரிடம் அனுப்பப் பெற்றோர் தயங்கினர். மணமான பெண்களோ வேலைக்கு வருவதில்லை. ஒருபுறம் ஆசிரியை இல்லாத பள்ளிகள். மறுபுறம் வேலையில்லாத விதவைகள். இவ்விரண்டு குறைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, இரண்டையும் ஒருங்கே தீர்க்கலாம் என்று அவர் கண்டார். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராயிருந்த மிஸ் கிறிஸ்டினா லிஞ்ச் என்ற அம்மையாரும் இதே கவலையில் இருந்தார். இருவரும் கைகோத்ததால் அரசின் உதவி கிடைத்தது. தர்மத்தின் பேரால் கேட்டிருந்தால் அரசு கையை விரித்திருக்கும். ஆசிரியைகள் உருவாவார்கள் என்று காட்டியதால் பணம் ஒதுக்கியது.

இல்லத்திற்கு வீடு கிடைப்பதுதான் பெரும்பாடாயிற்று. விதவைகள் கூட்டமாகக் குடியிருப்பதை அக்கம்பக்கத்தார் அபசகுனமாகக் கருதினர். காலையில் வாசலைத் திறந்தால் எதிரே விதவை முகத்தில் விழிக்க வேண்டுமே என்று குறைப்பட்டனர். இறுதியில் அக்கம்பக்கமே இல்லாத ஓர் இடம் கிடைத்தது. அதுதான் கடற்கரையில் நின்ற ஐஸ் ஹவுஸ்.

அக்கட்டடத்தின் வரலாறே ஒரு தனிக்கதை. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிகளைச் சேமித்து வைக்க 1840-களில் கட்டப்பட்டது. இங்கேயே இயந்திரத்தால் பனிக்கட்டி செய்ய வழி வந்தபின் அந்த வியாபாரம் நொடித்துப் போயிற்று. பின்பு பிலிகிரி ஐயங்கார் என்ற வழக்கறிஞரிடம் வந்தது. 1897-இல் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1917-ஆம் ஆண்டு அரசு அதனை வாங்கியது. பனிக்கட்டிக்காகக் கட்டிய வீட்டில் விதவைச் சிறுமியர் குடியேறினர். கடற்காற்று வீசும் அந்த மாடியில், ஊர்க்கண்ணுக்கு அஞ்சாமல் அவர்கள் ஓடி விளையாட முடிந்தது. சற்றுத் தொலைவில் அதே கடற்கரைச் சாலையில், 1914-இல் தொடங்கப்பட்ட இராணி மேரி கல்லூரி இருந்தது. இல்லத்துப் பெண்கள் பள்ளிப் படிப்போடு நிற்காமல் கல்லூரிக்கும் போக வழி திறந்தது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியைப் பயிற்சிக் கல்லூரி தொடங்கப்பட்டபோது அதற்குத் தலைமை ஏற்றவரும் சகோதரியே. இல்லம், பள்ளி, கல்லூரி, பயிற்சி, பின்பு உத்தியோகம் என்று ஒரு படிக்கட்டு முழுமையாயிற்று. தலை குனிந்து உள்ளே வந்த சிறுமி ஆசிரியையாகி வெளியே சென்றாள். அவள் அனுப்பும் மாதச் சம்பளத்தை எதிர்நோக்கி, முன்பு அவளை வெறுத்து ஒதுக்கிய குடும்பமே காத்திருக்கும் காலமும் வந்தது.

குறை இல்லாத பணி என்று சொல்லிவிட முடியாது. ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமண விதவைகளுக்கு மட்டும் உரியதாய் இருந்தது. ஆசாரமான குடும்பங்கள் தம் பெண்களை நம்பி அனுப்ப வேண்டுமானால், உணவிலும் வழிபாட்டிலும் அவர்களுடைய கட்டுப்பாடுகளைக் காக்க வேண்டியிருந்தது. இது பற்றி அவரைக் குறை கூறியோர் உண்டு. சீர்திருத்தவாதிகளுக்கு அவருடைய வேகம் போதவில்லை. வைதிகர்களுக்கோ அது மிகையாயிருந்தது. இருபுறமும் அடி வாங்கும் மத்தளத்தின் நிலைதான்! சாதி வேலியை அவர் அன்றே உடைத்திருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. உடைத்திருந்தால் அந்தச் சிறுமியருள் ஒருத்தியைக்கூட வீட்டைவிட்டு வெளியே அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அந்த வேலிக்கு வெளியே நின்ற ஏழை விதவைகள் மேலும் காத்திருக்க நேர்ந்ததே என்ற வருத்தம் நமக்கு எழாமல் இல்லை.

அந்த வருத்தம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். ஏனெனில் அவருடைய பிற்காலப் பணிகள் ஒவ்வொன்றும் வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போயின. 1920-களில் சாரதா வித்யாலயா என்ற பள்ளியைச் சாரதா மகளிர் சங்கத்தின் வழியாக நிறுவினார். கடலோரக் குப்பத்து மீனவக் குழந்தைகளின் கல்வியிலும் கருத்துச் செலுத்தினார். பள்ளி வயது கடந்த பெண்களுக்காக 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீ வித்யா கலாநிலயம் கண்டார். தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் 1954-இல் பெண்கள், குழந்தைகள் நலனுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தெட்டு. பிறர் ஓய்வை நாடும் வயதில் கிராமத்துக்குப் பயணமானார்.

நோய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, நோய் வரும் வழியையும் அடைக்க வேண்டும் அல்லவா? குழந்தை மணம் இருக்கும்வரை குழந்தை விதவையும் இருப்பாள். ஆகவே பெண்ணின் மண வயதை உயர்த்தும் முயற்சிக்கு இந்திய மாதர் சங்கத்தோடு சேர்ந்து ஆதரவளித்தார். சாரதா சட்டம் எனப்பட்ட குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் 1929-இல் நிறைவேறி, மறு ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. பெண்ணுக்குப் பதினான்கு, ஆணுக்குப் பதினெட்டு என்று வயது வரையறுக்கப்பட்டது. தமக்கு நேர்ந்ததைப் போல் பதினோரு வயதுச் சிறுமிக்கு மணம் முடிப்பது குற்றம் என்று சட்டம் சொன்னபோது சகோதரிக்கு வயது நாற்பத்து மூன்று.

பட்டங்களும் பதவிகளும் வந்தன. 1920-இல் ஆங்கில அரசு கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1952 முதல் 1956 வரை சென்னைச் சட்ட மேலவையில் உறுப்பினராயிருந்தார். 1958-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இவற்றால் அவர் வாழ்வில் எந்த ஆடம்பரமும் நுழையவில்லை. 1956-இல் மயிலாப்பூர் மகளிர் கழகத்தின் வழியே வித்யா மந்திர் பள்ளி தோன்றியதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

தமக்கென்று ஒரு பிள்ளை இல்லாத அந்த அம்மையார், 1969-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாள், வைகுண்ட ஏகாதசியன்று, எண்பத்து மூன்றாம் வயதில் இறைவனடி சேர்ந்தார். சாரதா வித்யாலயா இன்று இராமகிருஷ்ண மிஷனின் பொறுப்பில் தியாகராய நகரில் நடைபெறுகிறது. லேடி வெலிங்டன் கல்லூரியும் அதே கடற்கரைச் சாலையில் இருக்கிறது. ஐஸ் ஹவுஸ் 1963-இல் விவேகானந்தர் இல்லம் என்று பெயர் பெற்றது. இன்று அங்கே சுவாமி விவேகானந்தரைப் பற்றிய கண்காட்சி காணலாம். கடற்கரைக்கு உலாவச் செல்லும் நம் மாணவியர் அந்த வட்டக் கட்டடத்தைக் கடந்து போகும்போது, அதன் மாடியில் ஒரு காலத்தில் மழித்த தலையோடு வந்த சிறுமியர் பாடப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தனர் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.