ஆனி ஓக்லி: இவர் கைபட்ட இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு ஏன் இவ்வளவு விலை?

2012 ஜூன் மாதம். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த ஏலத்தில், ஒரு பழைய 'பார்க்கர் பிரதர்ஸ்' இரட்டைக் குழல் துப்பாக்கி 1,43,400 டாலருக்கு விலை போனது. தங்கத்தில் செய்ததா என்றால், அதெல்லாம் இல்லை. அதை வைத்திருந்தவர் ஆனி ஓக்லி. அவ்வளவுதான்.

யார் இந்த ஆனி ஓக்லி?

வயிற்றுக்காகத் தூக்கிய துப்பாக்கி

1860 ஆகஸ்ட் 13-ல் ஓஹியோ மாகாணத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஃபீபி ஆன். 1866-ல் அப்பா இறந்துபோனார். குடும்பம் வறுமையில் விழ, சிறுமியை ஏழைகள் விடுதியில் சேர்த்தார்கள். அங்கிருந்து ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டு, அடி உதையோடு கொடுமைகளை அனுபவித்தார்.

ஊர் திரும்பியதும் காட்டில் வேட்டையாடி, பறவைகளைக் கடைக்காரர்களுக்கு விற்க ஆரம்பித்தார். அந்தக் காசில்தான் அம்மா வீட்டின் அடமானக் கடன் அடைந்தது. அப்போ அவருக்கு 15 வயசு!

தோற்றவரே கணவர் ஆனார்

பிராங்க் பட்லர் என்ற பிரபல துப்பாக்கி வீரரோடு ஒரு பந்தயம். 25 குறிகள். பட்லர் கடைசிக் குறியைத் தவறவிட்டார், ஆனி 25-ஐயும் சுட்டு வீழ்த்தினார். தோற்ற பட்லர் கோபப்படவில்லை. அவரையே காதலித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். பிறகு மனைவியை மேடையில் முன்னே நிறுத்தி, தான் மேனேஜராகப் பின்னால் நின்றார்.

1885-ல் 'பஃபலோ பில்' நடத்திய வைல்ட் வெஸ்ட் நிகழ்ச்சியில் ஆனி சேர்ந்தார். 1887-ல் லண்டன் போய் விக்டோரியா மகாராணி முன்னிலையில் சுட்டுக் காட்டினார். அங்கே சார்லஸ் லங்காஸ்டர் என்ற புகழ்பெற்ற துப்பாக்கித் தயாரிப்பு நிறுவனம், சிறிய உடல்வாகு கொண்ட ஆனிக்கு அளவெடுத்து இலகுவான இரட்டைக் குழல் துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தது.

பழைய துப்பாக்கிக்கு விலை எப்படி?

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது தயாரித்த கம்பெனி. அடுத்து, உலோகத்தில் கையால் செதுக்கிய வேலைப்பாடு: வேட்டை நாய், காடை, கொடி, இலை. செதுக்கல் எவ்வளவு நுணுக்கமோ, அவ்வளவு உயர்ந்த ரகம். சீரியல் நம்பர் எல்லாப் பாகத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

ஒரு விஷயம் கவனிங்க. பளபளப்பாக இருக்கட்டும்னு பாலிஷ் போட்டால் விலை ஏறாது, இறங்கும். செதுக்கலின் கூர்மையும் பழைய நிறமும் அதில் தேய்ந்து போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அது யாரிடம் இருந்தது என்ற வரலாறும், அதற்கான ஆதாரமும். ஆனியின் துப்பாக்கி அவருடைய உறவினர் வழியாகவே ஏலத்துக்கு வந்தது. அந்தப் பெயருக்குத்தான் அவ்வளவு பணம்.

பெயருக்காக ஒரு போராட்டம்

அந்தப் பெயரே ஒரு முறை பறிபோகப் பார்த்தது. 1903-ல் சிகாகோவில் திருட்டு வழக்கில் சிக்கிய ஒரு பெண், தன்னை ஆனி ஓக்லி என்று சொல்லிக்கொண்டார். போதைப்பொருளுக்காகத் திருடினார் என்று ஹேர்ஸ்ட் பத்திரிகை செய்தி போட, நாடு முழுக்க மற்ற பத்திரிகைகளும் விசாரிக்காமல் அதை அச்சிட்டன.

ஆனி சும்மா விடவில்லை. 55 பத்திரிகைகள் மீது வழக்குப் போட்டார். ஊர் ஊராகக் கோர்ட் ஏறி இறங்கியதில் பல வருடங்கள் ஓடின. 54 வழக்குகளில் வெற்றி. ஆனால் கிடைத்த இழப்பீட்டைவிடச் செலவுதான் அதிகம். காசு போனாலும் பெயர் மீண்டது.

கடைசிக் காலத்தில் தான் வென்ற தங்கப் பதக்கங்களை உருக்கி விற்று, அந்தப் பணத்தைத் தொண்டுக்குக் கொடுத்தார். 1926 நவம்பர் 3-ல் ஆனி காலமானார். 18 நாளில் பட்லரும் போய்ச் சேர்ந்தார்.

பதக்கத்தை உருக்கியவர் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 2012 ஏலத்தில் அந்தத் துப்பாக்கிக்கு விழுந்த விலையில் பெரும்பகுதி, அவர் கோர்ட்டில் நின்று காப்பாற்றிய அந்தப் பெயருக்கானது.