300 டாலரில் தொடங்கிய நெயில் பாலிஷ் சாம்ராஜ்யம்... யார் இந்த சார்லஸ் ரெவ்சன்?

நகத்துல ஒட்டுற ஸ்டிக்கர், நெயில் ராப், ரெடிமேட் பாலிஷ் ஸ்ட்ரிப்னு இன்னைக்கு எத்தனையோ வகை வந்தாச்சு. பார்லருக்குப் போகாமலே வீட்டில் உட்கார்ந்து பத்து விரலையும் அலங்கரித்துக் கொள்ளலாம். ஆனால் நகத்துக்கு அடர்த்தியான வண்ணம் பூசுவதையே ஒரு பெரிய வணிகமாக மாற்றியவர் ஒரு ஆண் என்பது தெரியுமா? அவர்தான் ரெவ்லான் நிறுவனத்தின் சார்லஸ் ரெவ்சன். அவருடைய கதையைப் பார்க்கலாம்.

சுருட்டுத் தொழிலாளியின் மகன்

1906-ல் பிறந்தவர் ரெவ்சன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் உள்ள மான்செஸ்டர் நகரில் வளர்ந்தார். யூதக் குடியேறிகளின் குடும்பம். அப்பா சுருட்டு ஆலையில் வேலை பார்த்தவர். வசதி என்று சொல்ல பெரிதாக எதுவும் இல்லை.

வேலை தேடி நியூயார்க் போன ரெவ்சன், 1930-களின் தொடக்கத்தில் எல்கா என்ற சின்ன நெயில் பாலிஷ் கம்பெனிக்கு விற்பனையாளர் ஆனார். அழகு நிலையம் அழகு நிலையமாக ஏறி இறங்கி பாலிஷ் விற்றார். நாடு முழுவதும் விற்கும் உரிமையைத் தனக்குத் தரும்படி கேட்டார். கம்பெனி மறுத்துவிட்டது. அப்போ நாமளே ஆரம்பிச்சா என்ன என்ற யோசனை அங்கேதான் பிறந்தது.

ரெவ்லான் பெயரில் 'ல்' எங்கிருந்து வந்தது?

1932-ல் சார்லஸும் அவருடைய அண்ணன் ஜோசப்பும், சார்லஸ் லாக்மன் என்பவரும் சேர்ந்து 300 டாலர் முதலீட்டில் தொழிலைத் தொடங்கினார்கள். ரெவ்சன் என்ற பெயரில் இருந்த 'ச'வை எடுத்துவிட்டு, லாக்மனின் 'ல'வைச் சேர்த்தார்கள். ரெவ்லான் ஆகிவிட்டது.

அது அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய காலம். வேலை இல்லை, கையில் காசு இல்லை. அந்த நேரத்தில் நெயில் பாலிஷை யார் வாங்குவார்கள்? இங்கேதான் ரெவ்சனின் கணக்கு சரியாக வேலை செய்தது. புது உடை வாங்க முடியாத பெண்ணால்கூட சில காசுகளில் புது நிறம் வாங்க முடியும்.

சாயமா, நிறமியா? இதுதான் வித்தியாசம்

அந்தக் காலத்து பாலிஷ் பெரும்பாலும் சாயம் கலந்தது. தண்ணீரில் கரைந்த மை மாதிரி, பூசினால் நகம் உள்ளே தெரியும். நிறங்களும் குறைவு. ரெவ்லான் சாயத்துக்குப் பதிலாக நிறமியைப் பயன்படுத்தியது. நிறமி கரையாது, நுண்துகளாக மிதக்கும். அதனால் பூச்சு அடர்த்தியாகி நகத்தை முழுசா மறைக்கும். எத்தனை நிறம் வேண்டுமானாலும் செய்யலாம்.

பாலிஷுக்கு அடிப்படை நைட்ரோசெல்லுலோஸ். கார்களுக்கு அடித்த லேக்கர் பெயிண்ட்டிலும் அதே பொருள்தான். இன்றைக்கு வீட்டில் ஒட்டும் பாலிஷ் ஸ்ட்ரிப்களில் பலவும் இதே குடும்பம்தான். பாட்டிலில் திரவமாக இருப்பதை மெல்லிய படலமாக்கி, அடியில் பசை வைத்துத் தருகிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் ஒட்டுவதற்கு முன் நகத்தில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, ரிமூவரால் துடைக்க வேண்டும் என்கிறார்கள். நக அடியில் இருந்து நுனி நோக்கி அழுத்திவிட்டு, மிச்சத்தை அரம் வைத்துக் கீழ்நோக்கித் தேய்த்து எடுத்தால் ஓரம் தூக்காது.

நிறத்துக்குப் பெயர் வைத்தவர்

வெறும் சிவப்பு, இளஞ்சிவப்பு என்று விற்காமல், ஃபேட்டல் ஆப்பிள், செர்ரீஸ் இன் த ஸ்னோ என்று கதை சொல்லும் பெயர்களை வைத்தது ரெவ்லான். உடை மாதிரி நகத்துக்கும் சீசன் நிறம் வந்தது. உதட்டுக்கும் நகத்துக்கும் ஒரே நிறம் என்பதையும் பெரிய அளவில் விளம்பரப்படுத்தினார்கள். புது நிறங்களை ரெவ்சன் தன் நகத்திலேயே பூசிப் பார்ப்பாராம்.

1952-ல் வந்த ஃபயர் அண்ட் ஐஸ் விளம்பரம் இன்றும் பேசப்படுகிறது. ரிச்சர்ட் அவெடன் எடுத்த படம், மாடல் டோரியன் லே. கூடவே பெண்களிடம் 15 கேள்விகள். பொருளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்களின் துணிச்சலைப் பற்றிக் கேட்டார்கள்.

போட்டியாளர்கள் அவரை மதிக்கவில்லை. ஹெலெனா ரூபின்ஸ்டீன் அவரை நகக்காரர் என்றே கிண்டலடித்தார். எலிசபெத் ஆர்டன் பெயரைக்கூடச் சொல்லாமல் அந்த ஆள் என்றுதான் குறிப்பிடுவார். ரெவ்சன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆள் என்ற பொருள் வரும் தட் மேன் என்ற பெயரிலேயே ஆண்களுக்கான வாசனைப் பொருளை வெளியிட்டார்!

டிவியால் வந்த பணம், டிவியால் வந்த சங்கடம்

1955 ஜூனில் சிபிஎஸ் டிவியில் 64,000 டாலர் கேள்வி என்ற வினாடி வினா நிகழ்ச்சி தொடங்கியது. ஸ்பான்சர் ரெவ்லான். நாடே பார்த்தது, விற்பனை எகிறியது. போட்டி லிப்ஸ்டிக் நிறுவனமான ஹேசல் பிஷப் தன் சரிவுக்கு இந்த நிகழ்ச்சியையே காரணமாகச் சொன்னது.

ஆனால் வினாடி வினா நிகழ்ச்சிகளில் யார் ஜெயிக்கணும் என்பது முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டது என்ற புகார் வெடித்தது. 1959-ல் நாடாளுமன்றக் குழு விசாரித்தது. எந்தப் போட்டியாளர் நீடிக்கணும், யார் வெளியேறணும் என்று ஸ்பான்சர் தரப்பு அழுத்தம் கொடுத்ததாகத் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். மோசடி தனக்குத் தெரியாது என்று மறுத்தார் ரெவ்சன். இப்படி மோசடி செய்வதைக் குற்றமாக்கும் சட்டத் திருத்தம் 1960-ல் வந்தது.

வீட்டுக்குள்ளும் விரிசல். அண்ணன் ஜோசப் 1955-ல் விலகினார். தம்பி மார்ட்டினும் 1958-ல் வெளியேறி, பின்னர் வழக்கும் போட்டார். சேர்ந்து கட்டிய கம்பெனியில் கடைசியில் மிஞ்சியவர் சார்லஸ் மட்டும். வேலை வாங்குவதில் அவர் காட்டிய கடுமை அந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

கடைசிக் காலம்

1973-ல் சார்லி பெர்ஃப்யூம் வந்தது. வேலைக்குப் போகும், பேன்ட் போட்டு நடக்கும் பெண்ணை விளம்பரத்தில் காட்டி வெற்றி பெற்றது. அடுத்த ஆண்டே, குடும்பத்துக்கு வெளியே இருந்து மிஷேல் பெர்ஜராக் என்பவரைப் பெரும் தொகை கொடுத்து அழைத்து வந்து வாரிசாக்கினார். 1975 ஆகஸ்ட் 24-ல், 68 வயதில், கணையப் புற்றுநோயால் காலமானார்.

அவர் 1956-ல் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் இயங்குகிறது. ரெவ்லான் நிறுவனமோ கடன் சுமையால் 2022-ல் திவால் பாதுகாப்பு கோரி, அடுத்த ஆண்டு மீண்டு வந்தது. அடுத்த முறை நெயில் ராப் பாக்கெட்டில் நிறத்தின் பெயரைப் படிக்கும்போது, அந்தப் பழக்கத்தைப் பரப்பியவர் வீடு வீடாக இல்லை, பார்லர் பார்லராக பாட்டிலோடு அலைந்த ஒரு சேல்ஸ்மேன் என்பதை நினைச்சுக்கோங்க.