டொக்டர் கமலிகா மறைக்காத நோய்

டொக்டர் கமலிகா அபேயரத்ன 1934இல் பிறந்தவர். குழந்தை நல மருத்துவர்; கணவர் மைக்கேலும் மருத்துவர்தான். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், 1990களில் வீதி விபத்தொன்றில் படுகாயமடைந்தார். உயிரைக் காப்பாற்ற ஏற்றிய குருதியோடு எச்.ஐ.வி.யும் உடலுக்குள் போனது.

குருதி ஏற்றிய மறுநாளே சோதித்திருந்தாலும் தொற்று இல்லை என்றுதான் முடிவு வந்திருக்கும். வைரஸ் உடலில் இருந்தும் சோதனையில் அகப்படாத இந்த நாட்களை யன்னல் காலம் என்கிறார்கள். நரம்பிலிருந்து குருதி எடுத்து ஆய்வுகூடத்தில் செய்யும் இன்றைய அன்டிஜன்-அன்டிபொடி சோதனைக்குக்கூட 18 முதல் 45 நாட்கள் வேண்டும். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் உடனடிச் சோதனைக்கு 90 நாட்கள் வரை போகலாம்.

தெரணியகலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருநாள் பேரை விட்டுவிட்டு கேகாலைக்கு பஸ் ஏறுபவருக்கு இந்தக் கணக்கு முக்கியம். சந்தேகம் வந்த வாரமே போய், இல்லை என்ற துண்டோடு நிம்மதியாகத் திரும்பினால், அது பொய் நிம்மதியாக இருக்கலாம். அதற்காக 45 நாள் வீட்டில் காத்திருக்கவும் கூடாது. 72 மணித்தியாலத்துக்குள் போனால் தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு; சோதனையைப் பிறகு மறுபடி செய்யலாம்.

எச்.ஐ.வி. என்றதும் ஒழுக்கத்தை இழுத்துப் பேசிய நாட்டில், டொக்டர் கமலிகா தன் நோயைப் பகிரங்கமாகச் சொன்னார். சொல்லாமலே இருந்திருக்கலாம், மருத்துவர் வீட்டில் மறைப்பது பெரிய காரியமல்ல. தொற்றோடு வாழ்பவர்களுக்காக அமைப்பொன்றைத் தொடங்கினார். மருந்து வாங்க வசதியில்லாதவர்களுக்கும் சிகிச்சை கேட்டுப் போராடினார். 2004 டிசம்பரில் காலமானார். அரச வைத்தியசாலைகளில் அந்த மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான்.