பறவைகளுக்காகச் சட்டத்தின் கதவைத் தட்டியவர்

ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் பறவைகள் காப்பகத்தில் சில கல்வெட்டுகள் இருக்கின்றன. எந்த நாளில், எந்தப் பிரமுகரின் வருகையையொட்டி, எத்தனை பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன என்ற கணக்கு அவற்றில் பெருமையோடு பொறிக்கப்பட்டுள்ளது. வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்த 1938 நவம்பர் 12 அன்று ஒரே நாளில் வீழ்த்தப்பட்டவை 4,273 பறவைகள். அதே நாளில்தான் சாலிம் அலிக்கு 42 வயது நிறைந்தது.

நாள்கள் இப்படிப் பொருந்தியது தற்செயலே. ஆனால், வேட்டைக்கென வளர்க்கப்பட்ட அந்த நீர்நிலையைப் பறவைகளின் புகலிடமாக மாற்றியதில் பெரும் பங்கு அவருடையது. பள்ளிப் பாடநூல்கள் அவரைப் பறவை மனிதர் என்று அறிமுகப்படுத்துகின்றன. அரசுகளிடம் விடாமல் மனு எழுதிய சாலிம் அலியை அவை சொல்வதில்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நான் திரும்பிச் செல்வது அந்த மனுதாரரின் வாழ்க்கைக்குத்தான். அதில் வெற்றியும் இருக்கிறது. நாம் மறந்துவிட விரும்பும் ஒரு பிழையும் இருக்கிறது.

1896இல் பம்பாயில் பிறந்த சாலிம் அலி, பெற்றோரைச் சிறு குழந்தையாக இருந்தபோதே இழந்து, தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருந்தபோது பொம்மைத் துப்பாக்கியால் அவர் வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்டறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றபோது, அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு பதம் செய்து வைக்கப்பட்ட பறவைகளின் அலமாரிகளைத் திறந்து காட்டினார். அவருடைய வாழ்க்கையின் திசை அங்கே தீர்மானமானது.

ஆயினும் பாதை எளிதாக அமையவில்லை. பர்மாவில் குடும்பத்தின் சுரங்கத் தொழிலில் சில ஆண்டுகள் கழிந்தன. முறையான பல்கலைக்கழகப் பட்டம் இல்லாததால் அரசு நிறுவனத்தில் பறவையியலாளர் பதவி கிட்டவில்லை. பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மனிடம் பயிற்சி பெற்று 1930இல் திரும்பியபோது கையில் வேலையில்லை. மனைவி தெஹ்மினாவுடன் கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கி, தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்தார். ஆண் குருவி ஒன்றன்பின் ஒன்றாகக் கூடுகளைக் கட்டிப் பல பெண் குருவிகளுடன் இணைசேர்வதை அவர் பதிவுசெய்தது, அவரை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது.

பின்னர் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனச் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு நடத்தினார். முகாம்களில் உடனிருந்து உழைத்த தெஹ்மினா 1939இல் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941இல், இந்தியப் பறவைகள் குறித்த அவருடைய நூல் வெளியானது. தேராதூன் சிறையில் இருந்த நேரு அந்நூலை மகள் இந்திராவுக்கு அனுப்பிவைத்தார். பிற்காலத்தில் பிரதமரின் மேசைவரை சாலிம் அலியின் கடிதங்கள் சென்றடைந்ததற்கு இந்த அறிமுகமும் ஒரு காரணம்.

அவர் உயிர்க்கொலையே கூடாது என்ற நெறியில் நின்றவர் அல்லர். ஆய்வுக்காகப் பறவைகளைச் சுட்டுச் சேகரித்தவர். அதை மறைத்ததும் இல்லை. எனவே, பறவைகளுக்காக அவர் பேசியபோது இரக்கத்தை மட்டும் நம்பிப் பேசவில்லை. எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எந்தப் பறவை, எவ்வளவு என்ற விவரத்தோடு பேசினார். ஆட்சியாளர்கள் அவருக்குச் செவிசாய்க்க அந்த விவரங்களே காரணம் என்று கருதுகிறேன்.

விடுதலைக்குப் பின் உணவுத் தட்டுப்பாடு நாட்டை வாட்டியது. பரத்பூர் நீர்நிலையை வற்றச் செய்து நிலத்தை உழவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. அரசரின் வேட்டைக் களத்தைக் குடியானவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுபுறம், மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் வலசை வரும் பறவைகளுக்கு ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த இடத்துக்கு ஈடான மாற்றிடம் அருகில் இல்லை. சாலிம் அலி இந்த நிலையை நேருவிடம் கொண்டுசென்றார். நீர்நிலை பிழைத்தது, 1956இல் பறவைகள் சரணாலயமானது.

நமது கோடியக்கரையின் பறவை வளத்தை 1962இல் அடையாளம் கண்டு சொன்னவரும் அவரே. 1967இல் அது சரணாலயமானது. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழாவின் குறுக்கே நீர்மின் அணை கட்ட முயன்றபோது, சிங்கவால் குரங்குகள் வாழும் அந்த மழைக்காட்டைக் காக்குமாறு முறையிட்டவர்களில் அவரும் ஒருவர். கவிஞர்களும் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து நடத்திய அந்த நீண்ட போராட்டத்தின் முடிவில், 1984இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

எல்லா முறையீடுகளும் ஏற்கப்படவில்லை. கானமயிலைத் தேசியப் பறவையாக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1963இல் மயில் தேர்வானது. அழிவின் விளிம்பில் நிற்கும் பறவைக்கே அந்தப் பெருமை பாதுகாப்பாக அமையும் என்பது அவருடைய எண்ணம். இன்று நாட்டில் எஞ்சியுள்ள கானமயில்கள் 200க்கும் குறைவு.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கடிதம் எழுதிக் காப்பது நிரந்தர ஏற்பாடு ஆகாது, சட்டம் வேண்டும். அன்று காட்டுயிர்கள் மாநிலப் பட்டியலில் இருந்தன. எனவே, 11 மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டுக்கொண்டதன் பேரில் நாடாளுமன்றம் 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 1976இன் அரசமைப்புத் திருத்தம் காட்டுயிர்களைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. சாலிம் அலி போன்றோர் பல்லாண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவு அந்தச் சட்டத்துக்குப் பின்புலமாக இருந்தது.

இனி அந்தப் பிழைக்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின்படி சரணாலயத்துக்கும் தேசியப் பூங்காவுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. சரணாலயத்தில் மேய்ச்சலை நெறிப்படுத்தி அனுமதிக்கலாம். தேசியப் பூங்காவில் கால்நடை மேய்ச்சலுக்கு இடமே இல்லை. 1980களின் தொடக்கத்தில் கேவலாதேவ் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. மேய்ச்சல் நிறுத்தப்பட வேண்டும் என்பதே சாலிம் அலியின் அறிவுரையாகவும் இருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே எருமைகளை மேய்த்துவந்த சுற்றுப்புறக் கிராமத்தினர் எதிர்த்து எழுந்தனர். 1982 நவம்பரில் நடந்த காவல் துறையின் துப்பாக்கிச்சூட்டில் கிராமத்தினர் சிலர் உயிரிழந்தனர்.

முன்பு பறவைகள் வீழ்த்தப்பட்ட இடத்தில், பறவைகளைக் காக்கும் சட்டத்தின் பெயரால் மனிதர்கள் வீழ்ந்தனர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்பட்டதாக நான் அறியேன்.

கதை அத்துடன் முடியவில்லை. சாலிம் அலி வழிநடத்திய அதே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், 1980 முதல் பத்தாண்டுகள் அந்தச் சதுப்புநிலத்தை ஆராய்ந்தது. எருமைகள் வெளியேறியபின், அவை மேய்ந்து கட்டுக்குள் வைத்திருந்த புல் ஆழமற்ற நீர்ப்பரப்பின் மேல் அடர்ந்து பரவியது. திறந்த நீர் குறைந்தது. நீர்ப்பறவைகளுக்கு அது கேடானது. மேய்ச்சல் தடை அந்த இடத்துக்கு நன்மையைவிடத் தீங்கையே மிகுதியாகச் செய்தது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தனர். தங்கள் முதுபெரும் வழிகாட்டியின் அறிவுரைக்கு எதிரான அந்த முடிவை அவர்கள் மறைக்காமல் எழுதினர். பின்னர், கிராமத்தினர் உள்ளே சென்று புல் அறுக்க அனுமதிக்கப்பட்டது.

இறுதி அறிக்கை வெளிவரும் முன்பே, 1987இல், தமது 90ஆம் வயதில் சாலிம் அலி மறைந்துவிட்டார். மாநிலங்களவையின் நியமன உறுப்பினர் பதவி அவரைத் தேடிவந்தது 1985இல்தான். சட்டமியற்றும் அவையில் அமர்ந்த காலத்தைவிட, அதன் வாசலில் நின்று கேட்ட காலமே அவருடைய வாழ்வில் மிக நீண்டது.

இந்தப் பிழையைக் காட்டி அவரைச் சிறுமைப்படுத்துவது என் நோக்கமன்று. அவர் இல்லாவிட்டால் பரத்பூரில் ஆய்வு செய்ய நீர்நிலையே எஞ்சியிருக்காது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அவருடைய வாழ்க்கை தரும் பாடம் அவருடைய வெற்றிகளில் மட்டும் அடங்கிவிடவில்லை. மனித நடமாட்டத்தை நீக்கினால் இயற்கை தானே தழைக்கும் என்பது அன்றைய காப்பாளர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை சட்டத்தின் வாசகமாயிற்று. எல்லா இடத்துக்கும் ஒரே அளவாகத் தைக்கப்பட்ட அந்தச் சட்டை, மனிதர் வெட்டி உருவாக்கி, எருமைகள் மேய்ந்து பேணிய ஒரு நீர்நிலைக்குப் பொருந்தவில்லை. அந்த எருமைகளை ஓட்டிவந்தவர்களிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், புல்லைப் பற்றி அவர்களும் சொல்வதற்குச் சில செய்திகள் இருந்திருக்கும்.

இன்றும் சரணாலயங்களும் காப்பகங்களும் அறிவிக்கப்படுகின்றன. அறிவிப்பு வெளியானதும் வெற்றி கிட்டிவிட்டதாகக் காட்டுயிர் ஆர்வலர்கள் மகிழ்கிறோம். மேய்ச்சல் நிலத்தை இழப்பவர்களின் குரல் போராட்டமான பிறகே நம் காதில் விழுகிறது. சட்டம் இயற்றப்படும் முன் அங்கே வாழ்பவர்களைக் கேட்பதும், இயற்றப்பட்ட பின் அதன் விளைவைத் தொடர்ந்து அளந்து, தேவையானால் திருத்துவதும் ஒவ்வோர் அறிவிப்பிலும் கடமையாக எழுதப்பட வேண்டும்.

கிஹிமில் தூக்கணாங்குருவிக் கூடுகளின் முன் மாதக்கணக்கில் காத்திருந்து, கண்ணில் பட்டதை மட்டுமே குறித்துக்கொண்ட அந்த இளைஞரின் பொறுமை, அவர் விட்டுச்சென்ற கழகத்தில் அவருக்குப் பின்னும் உயிரோடு இருந்தது. அதனால்தான் அவருடைய பிழையை அவருடைய வழிவந்தவர்களாலேயே கண்டறிய முடிந்தது. ஆனால், ஆய்வின் முடிவு வருவதற்குள் இறந்துபோனவர்களுக்கு அந்தத் திருத்தம் பயன்படவில்லை. காட்டுயிர்களுக்காகச் சட்டம் கேட்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டியது இதுதான்.