பறவைநூற் புலவர் ஜேம்ஸ் சாப்பின்

மயில் ஆசியாக் கண்டத்திற்கே உரிய பறவை என்பது நெடுங்காலமாக உலகம் கொண்டிருந்த துணிபு. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் நீலமயில் ஓரினம். பர்மா முதல் சாவகம் வரை வாழும் பச்சைமயில் மற்றோரினம். இவ்விரண்டன்றி மூன்றாவதொரு மயில் இல்லை என்றே பறவை நூல்கள் யாவும் கூறி வந்தன. ஆப்பிரிக்காவிற்கு உரியனவாகக் கினிக்கோழிகளும் கவுதாரி வகைகளும் சொல்லப்பட்டனவேயன்றி மயிலைப் பற்றிய பேச்சே அங்கு எழுந்ததில்லை. 1936-ஆம் ஆண்டில் இத்துணிபு பொய்த்தது. பொய்த்ததற்குக் காரணம் ஒரே ஓர் இறகு. அவ்விறகை இன்னதென்று அறியாமலே இருபத்துமூன்று ஆண்டு போற்றி வைத்திருந்த ஜேம்ஸ் பால் சாப்பின் என்னும் பெரியாரின் சரிதத்தை நம் கல்லூரி அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

சாப்பின் 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் நியூயார்க் நகரிற் பிறந்து, அதனைச் சார்ந்த ஸ்டேட்டன் தீவில் வளர்ந்தார். இளமையிலேயே பறவைகளின்பால் அவர் மனம் பற்றியது. பதினாறாம் வயதில், 1905-ஆம் ஆண்டில், நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கைப் பொருட்காட்சிச்சாலையில் உதவியாளராக அமர்ந்தார். பின்னர்க் கொலம்பியா சர்வகலாசாலையிற் சேர்ந்து பயிலலானார். அப்படிப்பு முற்றுப்பெறுமுன்னரே காங்கோ அவரை அழைத்துக்கொண்டது.

அக்காலத்தில் ஒக்காப்பி என்னும் விலங்கைப் பற்றி அறிஞருலகில் ஒரு பெரும் ஆவல் நிலவியது. ஒட்டகச்சிவிங்கிக்கு உறவும் வரிக்குதிரையை ஒத்த கால்களும் உடைய அவ்விலங்கு 1901-ஆம் ஆண்டில்தான் நூலோர்க்குத் தெரியவந்தது. அதனையும் பிற உயிர்களையும் தேடிச் சேர்த்து வருமாறு பொருட்காட்சிச்சாலையார் ஹெர்பர்ட் லாங் என்பாரைத் தலைவராக்கி, அவர்க்குத் துணையாகச் சாப்பினை 1909-ஆம் ஆண்டில் அனுப்பினர். புறப்படும்போது சாப்பினுக்கு வயது பத்தொன்பது. இரண்டாண்டில் முடியும் என்று கருதப்பட்ட அப்பயணம் ஐந்தாண்டுக்கு மேலும் நீண்டது.

அந்நாளைக் காங்கோவின் நிலையையும் ஒரு வார்த்தை கூறாமல் விடுதல் தகாது. லியோப்போல்டு மன்னன் அந்நாட்டைத் தன் சொந்த உடைமையாகவே கொண்டு, ரப்பர்ப் பாலின்பொருட்டு அங்குள்ள மக்களை வதைத்த கொடுமை உலகெங்கும் வெளியாகி, 1908-ஆம் ஆண்டில்தான் ஆட்சி பெல்ஜிய அரசாங்கத்தின் கைக்கு மாறியிருந்தது. அப்புண் ஆறாத நாட்டிற்குள்தான் இவ்விருவரும் சென்றனர். கடற்கரை நாட்டிலிருந்து இருப்புப்பாதை வழியே லியோப்போல்டுவில் சேர்ந்து, அங்கிருந்து ஆற்றுக்கப்பலில் ஏறக்குறைய 1,000 மைல் ஏறி ஸ்டான்லிவில் என்னும் ஊரை அடைந்தனர். இந்நாளில் அவ்வூர்க்குக் கிசங்கானி என்று பெயர். அதற்கப்பால் வண்டியுமில்லை, சாலையுமில்லை. ஈட்டூரி ஆற்றங்கரைப் பெருங்காட்டில் ஒற்றையடிப்பாதைகள் மட்டுமே. பெட்டிகளையும் கூடாரங்களையும் பதஞ்செய்த தோல்களையும் தலைமேற் சுமந்தவர் அந்நாட்டு மக்களே. முடிவில் நியூயார்க் சேர்ந்த பல்லாயிரம் விலங்குகளும் பறவைகளும் முதலில் அவர்கள் தலைமேலேதான் காட்டைக் கடந்தன. பயணநூல்களிற் பெரும்பாலும் அவர்கள் பெயர் காணப்படுவதில்லை. கணக்கில் ஒரு தொகையாகவே நின்றுவிடுகின்றனர்.

மழைக்காட்டிற் பறவை காண்டல் எளிய செயலன்று. நூற்றைம்பது அடிக்கு மேல் ஓங்கிய மரங்களின் உச்சியில் இருவாய்ச்சிகளும் பழந்தின்னிப் பறவைகளும் ஆரவாரிக்கும். கீழே நிற்பவர்க்குக் குரல் கேட்குமேயன்றி உருவந் தெரியாது. தரையிலோ பட்டப்பகலிலும் அந்தி மயங்கியதுபோன்ற இருள். நாள்முழுதும் நடந்தும் ஒன்றையும் காணாதிருந்து, திடீரென்று ஓரிடத்தில் எறும்புப் படை செல்லும் வழியிற் பல இனப் பறவைகள் ஒருங்கே திரண்டு பூச்சிகளைக் கொத்துவதைக் காணலாம். அடுத்த நொடியில் அனைத்தும் மறையும். இக்காலத்தார்போல் தொலைநோக்கியாற் கண்டு மகிழ்ந்து திரும்புதல் அன்றைய முறையன்று. பறவையைச் சுட்டு வீழ்த்தி, தோலை உரித்துப் பதஞ்செய்து, பஞ்சடைத்து, கிடைத்த இடமும் நாளும் ஆணோ பெண்ணோ என்பதும் குறித்த சிறு சீட்டொன்றைக் காலிற் கட்டிவைப்பர். உயிரைக் கொன்று உயிரை அறியும் இம்முறையை யாம் போற்றவில்லை. ஆயினும் அச்சீட்டுகளில்லையேல் காங்கோப் பறவைகளைப் பற்றி உலகம் இன்றறிந்தவற்றுட் பெரும்பகுதி இல்லை. சாப்பின் சீட்டெழுதுவதோடு நின்றாரல்லர். கண்ணின் நிறம், அலகின் நிறம் முதலிய, இறந்தவுடன் மங்குவனவற்றை உடனுக்குடன் வண்ணந்தீட்டி வைத்தார். கூட்டிலுள்ள குஞ்சுகளின் வாயைத் திறந்து உள்ளே காணப்படும் புள்ளிகளையும் ஆராய்ந்தார். தூக்கணாங்குருவியும் அதன் உறவினமுமாகிய பறவைகளை வகைப்படுத்தி அவர் 1917-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிக்கு அப்புள்ளிகள் பெருந்துணை செய்தன.

1913-ஆம் ஆண்டில் அவாக்குபி என்னுமிடத்தில் அந்நாட்டார் அணியும் தலையணி ஒன்றில் அவர் ஓர் இறகைக் கண்டார். காட்டுப் பறவைகளின் இறகுகளைத் தலையிற் செருகிக்கொள்வது அம்மக்கள் வழக்கம். அவ்வாறு செருகப்படும் இறகுகளைப் பார்த்த அளவில் இன்ன பறவையுடையதென்று கூறும் பயிற்சி அதற்குள் சாப்பினுக்கு வாய்த்திருந்தது. இவ்விறகோ அவர் அறிந்த எதனோடும் ஒவ்வவில்லை. செங்காவி நிறத்திற் கருவரிகள் குறுக்கே ஓடிய சிறகிறகு அது. பெரியதொரு கோழியினத்தின் இறகாதல் வேண்டும் என்பது மட்டும் விளங்கியது. அதனை நியூயார்க்கிற்குக் கொண்டுசென்று, அங்குள்ள பறவைத்தோல்களோடெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்தார். விடை கிடைக்கவில்லை.

இந்நிலையில் பிறர் இரண்டிலொன்று செய்திருப்பர். பயனற்றதென்று இறகை எறிந்திருப்பர். அன்றேல் ஓர் இறகைக்கொண்டே புதுப்பறவைக்குப் பெயர் சூட்டி விளம்பரம் பெற்றிருப்பர். சாப்பின் இரண்டும் செய்யவில்லை. தெரியாததைத் தெரியாததாகவே வைத்துக்கொண்டு தம் வேலையைப் பார்த்தார். இடையில் முதல் உலகப்போர் வந்தது. படையிற் சேர்ந்து பிரான்சு தேசஞ் சென்று மீண்டார். 1926-ஆம் ஆண்டில் ரூவன்சோரி மலைக்குச் சென்ற குழுவிலும் இருந்தார். 1932-ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். பெல்ஜிய காங்கோவின் பறவைகள் என்னும் தம் பெருநூலின் முதற்பாகத்தையும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். அத்தனை ஆண்டும் அவ்விறகு காத்திருந்தது.

நூலின் அடுத்த பாகங்களின்பொருட்டு 1936-ஆம் ஆண்டில் அவர் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு அணித்தான டெர்வூரன் பொருட்காட்சிச்சாலைக்குச் சென்றார். ஆங்கு ஒருநாள், மிகுதியாக ஆள்நடமாட்டமில்லாத ஒரு நடையில், அலமாரி ஒன்றன் மேல் தூசி படிந்து நின்ற பஞ்சடைத்த பறவைகள் இரண்டு அவர் கண்ணிற்பட்டன. ஒன்று ஆண், மற்றது பெண். பெண்பறவையின் சிறகில் அச்செங்காவியும் அக்கருவரியும் இருந்தன! அவற்றின் சீட்டைப் பார்த்தார். வெளிநாட்டிலிருந்து காங்கோவிற்குக் கொணரப்பட்ட இந்திய மயிலின் இளம்பறவைகள் என்று அது கூறியது.

அப்பறவைகள் காங்கோவில் வணிகம் நடத்திய கசாய்க் கும்பினியாரிடமிருந்து 1914-ஆம் ஆண்டில் வந்தவை. ஆப்பிரிக்காவில் மயில் இல்லை என்பது முடிந்த முடிபாதலின், மயில்போன்ற ஒன்றைக் கண்டவர்கள் அது அயல்நாட்டு வளர்ப்புப் பறவையாகத்தான் இருத்தல் வேண்டும் என்று எழுதிவைத்தனர். தோகை இல்லையே என்னும் ஐயத்திற்கு இளம்பறவை என்னும் விடை போதியதாயிற்று. இருபத்திரண்டு ஆண்டு அச்சீட்டே அவற்றிற்குத் திரையாக நின்றது. சிறப்பொன்றுமில்லாப் பறவை என்று சீட்டே சொல்லிவிட்டபின் அதனை ஆராய்வார் யார்?

சாப்பின் அவ்வாண்டிலேயே அப்பறவையைப் புதியதோர் இனமென்றும், இனத்தை உள்ளடக்கிய பேரினமும் புதியதென்றும் நாட்டி, ஆப்பிரிக்க மயில் என்று பொருள்படும் அஃப்ரோப்பாவோ என்பதனோடு காங்கோவின் பெயரையுஞ் சேர்த்து இலத்தீன் மொழியிற் பெயரிட்டார். அப்பெயரோடு அமைந்தாரல்லர். காங்கோவிலுள்ள நண்பர்கட்குக் கடிதங்கள் எழுதினார். 1937-ஆம் ஆண்டில் தாமே விமானமேறி அங்குச் சென்றார். அந்நாட்டு வேட்டைக்காரரின் துணைகொண்டு காட்டினுள் நடந்து, அம்மயிலை உயிரோடும் கண்டார்.

கண்டுபிடித்தார் என்று யாவரும் எழுதுகின்றனர். யாம் அச்சொல்லைச் சற்றே தயங்கியே ஆள்கின்றோம். காட்டு மக்கள் அப்பறவையைக் கண்ணிவைத்துப் பிடித்தும், உண்டும், அதன் இறகைத் தலையிற் சூடியும் வந்தனர். காங்கோவிலிருந்த ஐரோப்பியருள்ளும் அதனை உண்டவர் இருந்தனர். சாப்பின் செய்தது, அவர்கள் அறிந்ததை நூலறிவோடு இணைத்தது. இதுவும் சிறு செயலன்று.

அம்மயிலின் இயல்பும் தனியே அறியத்தக்கது. நம் மயிலுக்குள்ள நெடுந்தோகை அதற்கில்லை. ஆண்பறவை கருநீலமும் பச்சையும் ஊதாவும் கலந்து ஒளிரும். கழுத்தில் இறகற்ற செந்தோல். உச்சியில் நிமிர்ந்து நிற்கும் வெண்மயிர் போன்ற கொண்டை. பெண்பறவை செங்காவி நிறமும் முதுகிற் பசுமையும் உடையது. பகலில் தரையில் மேய்ந்து, இரவில் உயர்ந்த மரங்களில் அடையும். ஆணும் பெண்ணும் இரவில் மாறிமாறிக் குரலெழுப்பும். சேவல் பல பெடைகளை நாடாமல் ஒன்றனோடே வாழ்ந்து குஞ்சுகளைக் காக்கும் என்பர். பின்வந்த மரபணு ஆராய்ச்சியும் ஆசிய மயில்களே இதற்கு நெருங்கிய சுற்றம் என்று காட்டியுள்ளது.

இரண்டாம் உலகப்போரின்போது சாப்பினுக்கு விசித்திரமானதொரு பணி நேர்ந்தது. 1942-ஆம் ஆண்டில் அட்லாண்டிக் கடலிலுள்ள அசென்ஷன் தீவில் அமெரிக்கப் படையினர் விமானத்துறை அமைத்தனர். அதன் எல்லையிற் பல்லாயிரம் கடல் ஆலாக்கள் முட்டையிட்டு அடைகாத்ததால், விமானம் எழும்போதெல்லாம் அவை திரளாக எழுந்து மோதும் அபாயம் இருந்தது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட சாப்பின், முட்டைகளை அழித்துவிட்டால் அவை அவ்விடத்தை விட்டகலும் என்றார். ஏறக்குறைய 40,000 முட்டைகள் உடைக்கப்பட்டன, பறவைகளும் அகன்றன. கூட்டிலுள்ள குஞ்சின் வாய்ப்புள்ளிகளை எண்ணிய அதே மனிதர் இவ்வாலோசனையை என்ன மனத்தோடு கூறினாரோ!

அவர்தம் பெருநூலின் எஞ்சிய பாகங்கள் 1939, 1953, 1954 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. நான்கு பாகமும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 பக்கம். முதற்பாகத்திற்கே அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்தார் எலியட் பதக்கம் அளித்தனர். 1949-ஆம் ஆண்டில் சார்லஸ் கார்டியர் என்பவர் உயிருள்ள காங்கோ மயில்களை நியூயார்க் விலங்குக்காட்சிச்சாலைக்குக் கொணர்ந்தார். நாற்பதாண்டுக்கு முன் தாம் புறப்பட்ட நகரிலேயே அப்பறவை நடமாடுவதைக் காணும் பேறு சாப்பினுக்கு வாய்த்தது. 1950-க்குப் பின்னரும் அவர் காங்கோ சென்று தங்கினார். 1960-ஆம் ஆண்டில் அந்நாடு விடுதலை பெற்றது. 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 5-ஆம் நாள் சாப்பின் நியூயார்க்கில் உயிர்நீத்தார். அம்மயில் வாழும் காடுகளிற் சலோங்கா 1970-ஆம் ஆண்டிலும், ஈட்டூரியிலுள்ள ஒக்காப்பி வனம் 1992-ஆம் ஆண்டிலும் காப்புக்காடுகளாக்கப்பட்டன. ஆயினும் கண்ணிகளும் சுரங்கங்களும் உள்நாட்டுப் போர்களும் அதனை அங்கும் தொடர்ந்தே வந்துள்ளன.