அஜித் ஓட்டிய ரேஸ் காருக்கு அப்பா யார் தெரியுமா? மாருதி 800 என்ஜினை ரேசில் இறக்கிய கோவை கரிவரதன் கதை

கடலூர்:

நடிகர் அஜித் குமாருக்கு கார் ரேஸ் என்றால் உயிர். இது கடலூர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குபவருக்கும் தெரியும், சிதம்பரம் மேலவீதியில் ஆட்டோ ஓட்டுபவருக்கும் தெரியும். 2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர ரேசில் அவரது அணி தன் பிரிவில் 3-வது இடம் பிடித்தது. அன்றைக்கு டீக்கடையில் எல்லாம் இதே பேச்சுதான்.

ஆனால் அதற்கு 20 வருடத்துக்கு முன்பே, 2002-ல், ஃபார்முலா மாருதி இந்திய சாம்பியன்ஷிப்பில் அஜித் கலந்துகொண்டு 4-வது இடம் பிடித்தார். ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி ரேஸ் கார். அதற்குள் இருந்தது வெளிநாட்டு என்ஜின் இல்லை. நம்ம தெருவில் டாக்டர் வீட்டு வாசலில் நின்றதே, அதே மாருதி 800 காரின் என்ஜின்.

அந்த வகை ரேஸ் காரை உருவாக்கியவர் ஒரு தமிழ்நாட்டுக்காரர். கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன். ரேஸ் வட்டாரத்தில் சுருக்கமாக ‘கரி’. இந்திய மோட்டார் பந்தயத்தின் தந்தை என்றே அவரைச் சொல்கிறார்கள். அவர் இறந்து 30 வருடம் தாண்டிவிட்டது. இன்றைய பசங்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது.

மில் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் பிறந்தது 1954-ல். கோவையின் பெயர் பெற்ற லட்சுமி மில்ஸ் குடும்பம் அவருடையது. 1910-ல் ஜி.குப்புசாமி நாயுடு தொடங்கிய மில் அது.

பஞ்சு, நூல், மில் கணக்கு என்று இருந்திருந்தாலே ராஜ வாழ்க்கை. யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனசு போனது என்ஜின் பக்கம்.

கோவை மண்ணே அப்படிப்பட்டது. மில்லுக்கு உதிரி பாகம் செய்ய பட்டறை வந்தது. பட்டறை இருந்ததால் மோட்டார் பம்பு செட் வந்தது. லேத் பிடிக்கத் தெரிந்தவர்கள், வார்ப்பு வேலை தெரிந்தவர்கள் சந்துக்கு சந்து இருந்த ஊர் அது. ஒரு சாமான் கடையில் கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம் என்ற தைரியம் அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. கரிவரதனின் கதையே அந்த தைரியத்தின் கதைதான்.

சோழவரம் திருவிழா

அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் கார் ரேஸ் என்றால் சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி இருக்கும் ஊர். இரண்டாம் உலகப்போர் நடந்தபோது வெள்ளைக்காரர்கள் அங்கே விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானம் போய்விட்டது, ஓடுதளம் மட்டும் சும்மா கிடந்தது. அதில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தியது. கூட்டம் அலைமோதும்.

நம்ம பக்கத்துக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். பழைய தென்னாற்காடு மாவட்டத்து உளுந்தூர்பேட்டையிலும் அதே போர்க்காலத்தில் விமான ஓடுதளம் போட்டார்கள். (உளுந்தூர்பேட்டை இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்.) இரண்டும் ஒரே காலத்து ஓடுதளம்தான். ஆனால் சோழவரத்துக்கு ரேஸ் மவுசு வந்தது, உளுந்தூர்பேட்டைக்கு வரவில்லை.

சோழவரத்தில் ஓடிய கார்களில் பலதும் ஊரில் ஓடிய அதே கார்கள்தான். ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்றவை. பின் சீட்டைக் கழற்றி எடை குறைப்பார்கள். கார்புரேட்டரை மாற்றுவார்கள். வண்டி குப்புற விழுந்தாலும் தலை நசுங்காமல் இருக்க உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு கட்டுவார்கள்.

ரேசுக்கு முந்தின ராத்திரி மெக்கானிக்குகளுக்கு தூக்கமே கிடையாது. ஹெட்டை இறக்குவது, வால்வு உரசுவது, பாயிண்ட் வைப்பது என்று பொழுது விடிந்துவிடும். காலையில் கொடி அசைந்ததும் வண்டி கிளம்பினால்தான் அவர்களுக்கு மூச்சே வரும்.

பணக்காரர் விளையாட்டு

ஆனால் ஒருவர் மட்டும் உட்காரும் அசல் ரேஸ் கார் வேண்டும் என்றால் வெளிநாட்டில் இருந்துதான் வரவேண்டும். அன்றைக்கு அது லேசில்லை. இறக்குமதிக்கு ஆயிரம் கட்டுப்பாடு. சுங்க வரி காரின் விலையையே முழுங்கிவிடும். ஒரு நட்டு உடைந்தாலும் கடல் தாண்டித்தான் வரவேண்டும்.

அதனால் யாரிடம் நல்ல கார் இருக்கிறதோ அவர்தான் முதலில் வருவார். திறமை இருந்தும் கையில் காசில்லாத பையன் வேலி ஓரம் நின்று கைதட்ட வேண்டியதுதான்.

கரிவரதனுக்கு வசதி இருந்தது. அவரே நல்ல ரேஸ் டிரைவர். வெளிநாட்டுக் காரை வரவழைத்து, கோப்பைகளை அள்ளிக்கொண்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. எல்லோரும் ஓட்டுவது மாதிரி ஒரு காரை இங்கேயே செய்தால் என்ன என்று இறங்கினார். அவரைப் பெரிய மனுஷர் ஆக்கியது இதுதான்.

பிறந்தது ஃபார்முலா மாருதி

1983 டிசம்பரில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர். சக்தி 40 குதிரைத் திறனுக்கும் குறைவு. குடும்பத்தோடு கோவிலுக்குப் போய்வர வந்த கார். அதை வைத்து ரேஸ் ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு சிரித்திருப்பார்கள்.

கரிவரதன் கணக்கு வேறு. என்ஜின் சின்னதாக இருந்தால் என்ன, காரின் எடையைக் குறைத்தால் வேகம் தானாக வரும். நாட்டில் எந்த மூலையிலும் அந்த என்ஜினுக்கு உதிரி பாகம் கிடைக்கும். எந்த ஊர் மெக்கானிக்கும் அதைப் பிரித்து மாட்டுவார்.

கோவையில் அவரது ‘சூப்பர் ஸ்பீட்ஸ்’ பட்டறையில் வேலை நடந்தது. இரும்புக் குழாய்களை வெட்டி, வளைத்து, வெல்டிங் வைத்து எலும்புக்கூடு மாதிரி ஒரு சட்டம். மேலே ஃபைபர் தோல். நடுவில் ஒரே ஒரு சீட். மாருதி காரில் முன்னால் இருக்கும் என்ஜினை கியர்பாக்சோடு தூக்கி டிரைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள். முன் சக்கரத்தை இழுத்த என்ஜின் இப்போது பின் சக்கரத்தைத் தள்ளியது.

இப்படி 1980-களின் கடைசியில் பிறந்ததுதான் ஃபார்முலா மாருதி.

இதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே என்ஜின். அப்புறம் யார் ஜெயிப்பார்? யாருக்குக் கையும் காலும் கண்ணும் சரியாக வேலை செய்கிறதோ அவர்தான். காசு பின்னால் போனது, திறமை முன்னால் வந்தது.

ரேஸ் காரில் வேகம் பிடிப்பது பெரிய விஷயமில்லை. வளைவில்தான் ஆள் யாரென்று தெரியும். சிதம்பரம் தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். கீழவீதியில் நேராக இழுக்க ஆயிரம் பேர் இருப்பார்கள். தேர் முக்கில் திரும்பும்போது சரியான நேரத்தில், சரியான இடத்தில் முட்டுக்கட்டை போடுபவர்தான் கெட்டிக்காரர். ரேசிலும் அதே கதைதான். எந்த இடத்தில் பிரேக் பிடிப்பது, எப்போது விடுவது என்பதில்தான் வெற்றி இருக்கிறது.

ரேஸ் வேறு, ரேலி வேறு

பலர் இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். ரேஸ் என்றால் ஒரே தடத்தில் எல்லோரும் ஒன்றாக ஓடுவது. ரேலி என்றால் காடு, மேடு, மண் ரோட்டில் ஒவ்வொருவராகப் போய் நேரத்தோடு போட்டி போடுவது. பாதி தார், பாதி மண் என்று ஒரு வட்டத்தில் ஒன்றாக ஓட்டினால் அது ரேலிகிராஸ். 1967-ல் இங்கிலாந்தில் லிடன் என்ற இடத்தில் அது தொடங்கியது.

நம்ம நாட்டில் புதுசாக ஆசைப்படும் பசங்க பெரும்பாலும் பழைய வண்டியோடு மண் தடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். வண்டி பழசு என்பதால் அடிபட்டாலும் வயிறு எரியாது. பிரித்துப் பார்க்கவும் பயம் இருக்காது.

விழுந்தது விமானம்

புதுத் தடங்களும் வந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ரேசுக்கென்றே தடம் திறக்கப்பட்டது. பழைய ஓடுதளத்தில் ஓட்டிய காலம் முடிந்தது. அந்தத் தடத்தில் ஃபார்முலா மாருதி கார்கள் சீறின.

எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் அந்த இடி விழுந்தது. 1995 ஆகஸ்டு மாதம் கோவை அருகே சின்ன விமானம் ஒன்று விழுந்து நொறுங்கியது. அதில் கரிவரதன் உயிரிழந்தார். நாற்பதைத் தொட்ட வயசு. ரேஸ் தடத்தில் அத்தனை வேகத்தில் ஓட்டியவரை வானத்தில் வந்த விபத்து கொண்டுபோனது. கோவையே அதிர்ந்தது.

நட்ட மரம் காய்த்தது

அவர் போனாலும் அவரது கார் நிற்கவில்லை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 15 வயதில் முதல் ரேஸ் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஜோர்டான் அணி காரில் ஏறி, ஃபார்முலா 1 ரேசில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அதே வருடம் அமெரிக்க கிராண்ட் பிரீயில் 4-வது இடம். கரிவரதன் இறந்து அப்போது 10 வருடம்.

சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஓட்டி வந்தவர்தான். அவர் 2010-ல் ஃபார்முலா 1-க்குப் போனார். இந்தியாவில் இருந்து ஃபார்முலா 1 ரேஸ் ஓட்டியவர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேருமே தமிழ்நாடு, இரண்டு பேரும் தொடக்கத்தில் உட்கார்ந்தது மாருதி என்ஜினுக்கு முன்னால் என்பது குறிப்பிடத்தக்கது.

கரிவரதனோடு பழகியவரான எல்.ஜி. தொழில் குழுமத்தின் பி.விஜயகுமார், கோவை செட்டிபாளையத்தில் ரேஸ் தடம் அமைத்தார். 2003-ல் திறக்கப்பட்ட அந்தத் தடத்துக்கு ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ என்று பெயர் வைத்தார்கள். தேசிய சாம்பியன்ஷிப் போட்டிகள் அங்கே நடந்து வருகின்றன.

2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார்கள் ஓடியபோது லட்சக்கணக்கான கண்கள் டிவியில் பார்த்தன. அந்த வரிசைக்கு முதல் செங்கல் வைத்தது கோவையின் ஒரு வெல்டிங் பட்டறை.

நம்ம ஊருக்கு என்ன?

கடலூரில் ரேஸ் தடம் இல்லை, சிதம்பரத்திலும் இல்லை. ஆனால் பழைய ஃபியட்டையும் அம்பாசடரையும் பிள்ளை மாதிரி வைத்திருப்பவர்கள் உண்டு. இங்கே உப்புக் காற்று. கொஞ்சம் அசந்தால் கதவின் அடிப்பக்கம் துரு தின்றுவிடும். மழைக்காலம் முடிந்ததும் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்து, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடிக்காவிட்டால் அடுத்த வருடம் தரையே இருக்காது.

பத்மினிக்கும் அம்பாசடருக்கும் கம்பெனி மூடியாச்சு. சாமான் கிடைக்காது. பழைய இரும்புக் கடையில் தேடி, லேத்தில் கடைந்து, பொருத்தி ஓட வைக்கும் மெக்கானிக்குகளுக்குப் பட்டம் எதுவும் கிடையாது. கையில் எண்ணெய்க் கறைதான் சர்டிபிகேட். கரிவரதன் நம்பியது இந்த மாதிரிக் கைகளைத்தான். கிடைக்காததை நினைத்து அழாமல், கிடைத்ததைப் பிரித்து மாட்டும் கைகள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடலூர்–சிதம்பரம் ரோட்டில் ராத்திரி நேரத்தில் பைக்கில் பந்தயம் வைக்கும் பசங்களுக்கு இது. சைலன்சரைக் கழற்றிவிட்டு, ஹெல்மெட் இல்லாமல், எதிரே வரும் கரும்பு டிராக்டரைப் பார்க்காமல் பறப்பதற்குப் பெயர் ரேஸ் இல்லை.

கரிவரதன் காரில் பெல்ட் உண்டு, கூண்டு உண்டு. தடத்தில் எதிரே வண்டி வராது. ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கும். ஆசைப்பட்ட பையனை ரோட்டில் விடாமல் தடத்துக்குள் கொண்டுவரத்தான் அவர் விலை குறைந்த காரைச் செய்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

வேகம் வேண்டும் என்றால் முதலில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு பழைய என்ஜினைப் பிரித்து, திரும்ப மாட்டி, ஓட வையுங்கள். கோவையில் கரிவரதனும் அங்கிருந்துதான் தொடங்கினார்.