பரியறிந்த நெஞ்சம்
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. விலங்கியல்)

முப்பது ஆண்டு, நாற்பது ஆண்டு எனச் செங்கோல் ஓச்சிய மன்னர் பலரைத் தமிழகம் மறந்துவிட்டது. அவர்கள் கட்டிய கோட்டைகள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. ஆனால் ஓராண்டுகூட நிறைவாக ஆளாத ஓர் இளைஞனின் பெயர் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னும் நாட்டுப்புற மக்களின் நாவில் நிற்கிறது. அவன் தமிழனும் அல்லன். வடக்கே பந்தேல்கண்டில் இருந்து வந்த இராசபுத்திரக் குடியினன். வரலாற்றேடுகள் அவனைத் தேஜ்சிங் என்கின்றன. நம் மக்களுக்கு அவன் தேசிங்குராஜன்.

அவனை நினைக்கும்போது நாம் தனியே நினைப்பதில்லை. அவனோடு ஒரு குதிரையும், ஒரு நண்பனும் சேர்ந்தே நினைவில் எழுகின்றனர். குதிரையின் பெயர் பாராசாரி. நண்பனின் பெயர் மகபத்கான். கோட்டை, பொருள், பட்டம் ஆகிய மூன்றையும் இழந்த பின்னும் இந்த இரண்டு துணைகளையும் அவன் இழக்கவில்லை. அவனுடைய வாழ்க்கையைக் காண்போம்.

செஞ்சியும் சிங்கின் குடியும்

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் வழியில் உள்ளது செஞ்சி. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் இணைத்து எழுந்த கோட்டை அது. நாயக்கர் ஆண்டனர், பீசப்பூர் சுல்தானியர் ஆண்டனர், 1677-இல் சத்திரபதி சிவாஜி கைப்பற்றினார். அவர் மைந்தர் இராசாராம் அக்கோட்டைக்குள் இருந்தபோது, மொகலாயப் படை 1690 முதல் எட்டு ஆண்டுகள் முற்றுகையிட்டு 1698-இல் அதைப் பிடித்தது. பின்னர் ஔரங்கசீப்பின் ஆணையால் சொரூப்சிங் என்னும் பந்தேல இராசபுத்திரர் கோட்டைத் தலைவரானார். அவர் மகனே தேசிங்கு.

தேசிங்கின் இளமையைப் பற்றி வரலாறு பேசுவது குறைவு. நாட்டுப்பாடல் பேசுவது மிகுதி. தேசிங்குராஜன் கதை என்னும் கதைப்பாடல் கூறும் செய்தி இது. டில்லி பாதுஷாவிடம் ஒரு குதிரை வந்தது. அதை அடக்கவல்லார் எவருமில்லை. ஏறியவர்களையெல்லாம் அது மண்ணில் வீழ்த்தியது. தேசிங்கின் தந்தையும் முயன்று தோற்றார், அதனால் சிறைப்பட்டார். செய்தியறிந்த மகன் டில்லிக்குப் புறப்பட்டான். எவருக்கும் அடங்காத பரி அவனுக்கு அடங்கியது. தந்தை விடுதலை பெற்றார். குதிரையே பரிசாயிற்று. அதன்பின் பாராசாரி அவனையன்றி வேறெவரையும் முதுகில் ஏற்கவில்லை.

இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பாடினோர் புனைந்தது என்பதை வரலாற்று மாணவர் ஆராயட்டும். விலங்கியல் படிக்கும் எனக்கு எழும் கேள்வி வேறு. பலரை வீழ்த்திய குதிரை ஒருவனுக்கு மட்டும் அடங்குவது இயல்பில் நடக்கக்கூடியதா?

குதிரை எதைக் கண்டது?

நடக்கக்கூடியதே. மாசிடோனிய நாட்டு அலெக்சாந்தர் சிறுவனாயிருந்தபோது, பூசிபாலஸ் என்னும் முரட்டுக் குதிரை தன் நிழலைக் கண்டே மிரளுகிறது என்பதைக் கவனித்தான். அதைக் கதிரவனை நோக்கித் திருப்பி நிறுத்திப் பின் ஏறினான் என்று பழைய வரலாறு கூறுகிறது. மற்றவர்கள் குதிரையின் முரட்டுத்தனத்தைக் கண்டனர். அவன் அதன் அச்சத்தைக் கண்டான்.

குதிரை வேட்டையாடும் விலங்கன்று, வேட்டையாடப்படும் விலங்கு. சிங்கமும் ஓநாயும் திரியும் வெளிகளில் பல இலட்சம் ஆண்டுகள் ஓடி ஓடி உயிர் காத்த இனம். தலையின் இருபுறமும் அமைந்த கண்களால் ஏறக்குறைய தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் அது காண்கிறது. காதுகளைத் தனித்தனியே திருப்பி ஒலி வந்த திசையை அறிகிறது. ஓர் ஈ வந்து அமர்ந்தாலும் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறுகிறது. அத்தகைய உடலின் மீது ஒரு மனிதன் அமர்ந்தால், அவன் தொடையின் இறுக்கம், கை நடுக்கம், மூச்சின் வேகம் இவற்றுள் எது அதற்கு மறைவாகும்?

1907-இல் பெர்லின் நகரில் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்னும் அறிஞர் ஒரு குதிரையை ஆராய்ந்தார். கணக்குப் போடும் குதிரை என்று உலகப் புகழ் பெற்றிருந்தது அது. விடையைக் குளம்பால் தட்டிச் சொல்லும். அதற்குக் கணக்குத் தெரியாது என்பதை அவர் கண்டறிந்தார். சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் முகமும் அவரையறியாமல் மிகச் சிறிதே அசையும். அந்த அசைவைக் கண்டு குதிரை தட்டுவதை நிறுத்தும். மனிதர் தம்மிடம் இருப்பதையே அறியாத அசைவைக் குதிரை அறிந்தது. கணக்கறிவைக் காட்டிலும் இது எனக்குப் பெரிய வியப்பாகப் படுகிறது.

2009-இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்று இன்னும் நெருங்கிச் செல்கிறது. குதிரையை நடத்திச் செல்வோரிடமும் ஏறிச் செல்வோரிடமும், இம்முறை நீங்கள் கடக்கும்போது திடீரென ஒரு குடை விரிக்கப்படும் என்று சொல்லி வைத்தனர். குடை விரிக்கப்படவே இல்லை. ஆயினும் குதிரை மிரளுமோ என்று அஞ்சிய மனிதரின் நெஞ்சு வேகமாகத் துடித்தது. அதே நேரம் குதிரையின் நெஞ்சும் வேகமாகத் துடித்தது. குடையைப் பற்றி அந்தக் குதிரைக்கு எவரும் சொல்லவில்லை. தன்னுடன் வந்தவரின் அச்சம் மட்டுமே அதற்குக் கிடைத்த செய்தி.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். என் பாட்டனார் கோட்டாறு சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். வண்டிக்காரன் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் காளை நுகத்துக்குக் கழுத்தைக் கொடுக்கத் தயங்கும் என்பது அவர் கண்ட உண்மை. அது காளையின் குணம் என்று மட்டும் நினைத்திருந்தேன். இந்த ஆய்வுகளைப் படித்த பிறகுதான், எழுத்தறியாத அவர் சொன்னதும் ஆய்வறிஞர் அளந்ததும் ஓரிடத்திலேயே வந்து சேர்கின்றன என்று தெளிந்தேன்.

ஆகவே, டில்லியில் பாராசாரியை அடக்கியது தேசிங்கின் கைவலிமை மட்டும் ஆகாது. அஞ்சியவரையும் சினந்தவரையும் முதுகிலிருந்து எறிந்த பரி, அஞ்சாமலும் சினவாமலும் வந்த ஒருவனை ஏற்றது என்று கொண்டால் பாடலும் பொய்யாகாது, இயற்கையும் பொய்யாகாது.

பட்டமும் பகையும்

1714-இல் சொரூப்சிங் காலமானார். ஆற்காட்டு நவாபுக்குச் செலுத்த வேண்டிய பணம் பல ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. வடக்கிலிருந்து விரைந்து வந்த தேசிங்கு கோட்டைப் பொறுப்பை ஏற்றான். அப்போது அவனுக்கு வயது ஏறக்குறைய 22. நம்மில் பலரைவிட இரண்டே வயது மூத்தவன்.

நவாப் சாதத்துல்லாகான் நிலுவையைக் கேட்டார். தேசிங்கு மறுத்தான். பேரரசர் தன் தந்தைக்குத் தந்த ஆணை இருக்கையில் நவாபின் ஒப்புதல் தனக்குத் தேவையில்லை என்பது அவன் நிலை. ஆணை அளித்தவர் மறைந்து ஆட்சி மாறிவிட்டதால் அது செல்லாது என்பது நவாபின் நிலை. தூது வந்தது, பலிக்கவில்லை. ஆற்காட்டுப் பெரும்படை செஞ்சியை நோக்கிப் புறப்பட்டது. தேசிங்கிடம் இருந்ததோ சில நூறு வீரர்கள்.

சிங்கவரம் குன்றில் பள்ளிகொண்ட அரங்கநாதர் அவன் வழிபடு தெய்வம். போருக்கு விடைபெறச் சென்றபோது பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும், அதைக் கண்டும் அவன் பின்வாங்கவில்லை என்றும் அவ்வூர் மக்கள் கூறுவர். மகபத்கானுக்கோ அப்போது திருமணம். மணக்கோலத்தில் இருந்தவன் நண்பனின் அழைப்பைக் கேட்டதும் மாலையைக் கழற்றிவிட்டு நீலவேணி என்னும் தன் குதிரையில் ஏறினான் என்கிறது பாடல். அரங்கனைத் தொழுதவனும் அல்லாவைத் தொழுதவனும் ஒரே களத்துக்கு ஒன்றாகப் புறப்பட்டனர்.

ஆற்றங்கரைக் களம்

1714 அக்டோபர் 3. சங்கராபரணி ஆற்றில் வெள்ளம். வீரரிற் பலர் இக்கரையிலேயே தயங்கி நின்றனர். தேசிங்கு பாராசாரியை ஆற்றில் இறக்கினான். சிறு குதிரைப்படை ஒன்று பின்தொடர்ந்தது. புரளும் நீரில் கால் ஊன்ற நிலம் தெரியாத இடத்தில் இறங்குவது குதிரையின் இயல்புக்கு மாறானது. முதுகில் இருப்பவன்மேல் உள்ள நம்பிக்கை ஒன்றே அதை இறங்கச் செய்யும்.

அக்கரையில் போர் மூண்டது. மகபத்கான் வீழ்ந்தான். நண்பன் மடிந்த பின் தேசிங்கு, யானைமேல் இருந்த நவாபை நோக்கிக் குதிரையைச் செலுத்தினான். யானைக்கு முன் பாயத் துணிந்தது பாராசாரி. பகைவர் அதன் கால்களை வெட்டினர். குதிரை சாய்ந்தது. தரையில் நின்று வாள் சுழற்றிய தேசிங்கு குண்டடிபட்டு இறந்தான் என்பது வரலாறு. வாளை விண்ணில் எறிந்து மார்பில் ஏந்தித் தானே உயிர் துறந்தான் என்பது பாடல். பகைவன் கையால் அவன் சாவதைப் பாடினோர் மனம் ஏற்கவில்லை.

அவன் உடல் கோட்டையடியில் செட்டிக்குளக்கரையில் எரியூட்டப்பட்டது. அவன் இளம் மனைவியும் அத்தீயில் இறந்தாள். அன்றைய வழக்கத்தின் கொடுமை அது, போற்றுவதற்குரியதன்று. அவள் நினைவாகவே பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை என்னும் ஊருக்குப் பெயர் அமைந்தது என்பர். செஞ்சிக்கு அருகே நீலாம்பூண்டியில் மகபத்கானின் சமாதியையும் குதிரையின் சமாதியையும் இன்றும் காட்டுகின்றனர். செஞ்சிக் கோட்டையோ, மராத்தியர் கோட்டைகள் பதினொன்றுடன் சேர்ந்து, 2025-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

நாம் எண்ண வேண்டியது

கணியாகுளத்தில் போரிட்டு மடிந்த இரவிக்குட்டிப் பிள்ளையை நம் நாஞ்சில் நாடு பாடி வைத்தது. காலத்துக்கு முன் மடிந்தோரைப் பாட்டில் வாழவைப்பது நம் மக்களின் பண்பு. வடதமிழகம் தேசிங்கைப் பாடியதும் அப்பண்பினாலேயே. 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த திரைப்படமாகவும் அக்கதை தமிழகமெங்கும் சென்றது.

தேசிங்கின் துணிவைப் பாராட்டும்போது ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிலுவைப் பணத்துக்காகவும் பட்டத்துக்காகவும் எழுந்த பூசல் அது. பேசித் தீர்க்க வழி இருந்திருக்கலாம். மகபத்கான் நண்பனுக்காகத் தானே முடிவு செய்து வந்தான், மறுத்திருந்தால் மறுத்திருக்கலாம். பாராசாரிக்கு அந்த உரிமை இல்லை. நவாப் யார், நிலுவை எவ்வளவு, நீதி எவர் பக்கம் என்று அது கேட்கவில்லை. தன்மேல் அமர்ந்தவன் நெஞ்சில் அச்சம் இருக்கிறதா என்பதை மட்டுமே அது அறியும். அச்சம் இல்லையென்று கண்டது, வெள்ளத்தில் இறங்கியது, யானையின் முன் பாய்ந்தது, கால்களை இழந்தது.

வாயில்லா உயிர் ஒன்று நம் நெஞ்சை அறிகிறது என்பது பெருமைக்கு உரியது மட்டுமன்று, பொறுப்புக்கும் உரியது. அது நம் சொல்லை நம்புவதில்லை; நம்மையே நம்புகிறது. ஆதலால் அதை எங்கே கொண்டு செல்கிறோம் என்பதை அதற்கும் சேர்த்து நாமே எண்ண வேண்டியிருக்கிறது. வண்டி இழுக்கும் காளைக்கும், வாசலில் காத்திருக்கும் நாய்க்கும், கடற்கரையில் நம் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் மட்டக்குதிரைக்கும் இது பொருந்தும்.

தேசிங்கு தன் உயிரைத் தானே பணயம் வைத்தான். பாராசாரியின் உயிரையும் அவனே வைத்தான். முந்தியதற்காக நாடு அவனைப் பாடுகிறது. பிந்தியதை எண்ணியோ என்னவோ, குதிரைக்கும் அந்த மண்ணில் ஒரு சமாதியை மக்கள் காத்து வருகின்றனர்.